அடிக்கு முந்திய காயம்

நரியூரணியில் அடி விழுவதற்கு முன்பே காயம் வந்துவிடும். இதைக் கேட்டு வாயைப் பிளக்கிறவர்கள் நிச்சயமாக வெளியூர்க்காரர்கள்தான், உள்ளூர்க்காரர்கள் காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் கண்ணாடியில் முகத்தைப் பார்ப்பார்கள், பனியனைத் தூக்கி விலாவைப் பார்ப்பார்கள், பிறகு திரும்பி நின்று முதுகைப் பெண்டாட்டியிடம் காட்டி "ஏதும் இருக்கா?" என்று கேட்பார்கள், ஒன்றும் இல்லை என்று அவள் சொல்லிவிட்டால் இன்றைக்கு யாரிடம் வேண்டுமானாலும் வாயைக் கொடுக்கலாம் என்ற தெம்போடு டீக்கடைக்குக் கிளம்புவார்கள்.

முதலில் வந்தது பூமிநாதனுக்கு. ஒரு பங்குனிக் காலையில் நெற்றி பிளந்தபடி எழுந்தான். தலையணையில் ஒரு சொட்டு ரத்தமில்லை, வலியில்லை, விரலை விட்டால் எலும்பு தட்டுகிறது, அவனோ பசிக்கிறது, சோற்றை எடு என்கிறான். அன்று சாயங்காலம் வரப்புத் தகராறில் மச்சான் எறிந்த கல் நேரே வந்து அந்தப் பிளவுக்குள் உட்கார்ந்தது, பூட்டுக்குள் சாவி போகிற மாதிரி. அதற்குப் பிறகுதான் ரத்தம் வந்தது, வலி வந்தது, பூமிநாதன் ஊரே கேட்கக் கத்தினான், பிறகு எல்லாக் காயத்தையும் போல அதுவும் ஆறித் தழும்பானது. அடுத்த வாரம் ஒருத்தியின் கன்னத்தில் விடியும்போதே ஐந்து விரல் பதிந்திருந்தது, பொழுது சாயும்போது புருஷன் கை அதில் அச்சாகப் பொருந்தியது. "அடிக்கணும்னு நெனக்கவே இல்லப்பா, காலையிலருந்து அதையே பாத்துக்கிட்டிருந்தேன், கை தானாப் போயிருச்சு" என்று அவன் சொன்னான். ஊர் தலையாட்டியது. அவன் சொன்னதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருந்ததை ஒருத்தரும் யோசிக்கவில்லை, யோசிக்கிற வழக்கமும் அந்த ஊரில் அவ்வளவாகக் கிடையாது.

மழை வருவதும் வெயில் அடிப்பதும் போல அதுவும் பழகிவிட்டது. பள்ளிக்கூடத்து வாத்தியார் காலையில் பிள்ளைகளின் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு எவனுக்குக் குறி இருக்கிறதோ அவனிடம் மட்டும் வாய்ப்பாடு கேட்டார், அவனும் ஒழுங்காகத் தப்பாகச் சொன்னான். சம்பந்தம் பேச வந்தவர்கள் மாப்பிள்ளையின் சம்பாத்தியத்தைக் கேட்பதற்கு முன்னால் அவன் அம்மா முகத்தைக் கூர்ந்து பார்த்தார்கள். சாராயம் குடிக்கிற இடத்தில் மண்டையில் குறியோடு வந்தவனுக்கு எல்லோரும் இடம்விட்டு உட்கார்ந்தார்கள், யார் கையில் பாட்டில் உடையப்போகிறது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே குடித்தார்கள், கடைசியில் பொறுக்கமாட்டாமல் எவனாவது ஒருத்தன் எழுந்து உடைத்தான். உடைத்தவன் மேல் யாருக்கும் கோபமில்லை. அவன் கை அவன் கையில்லை, தோல் முன்கூட்டியே சொன்னதை முடித்துவைத்த கை.

அப்புறம் சங்கையாவின் கதை நடந்தது, ஊரை மாற்றியது அதுதான். சங்கையா வாழைத்தரகன், பயந்த மனுஷன். ஒரு நாள் கணுக்காலுக்கு மேலே அரிவாள் வாய் போலக் குறி வந்ததும் அடி வாங்காமல் தப்பிக்கலாம் என்று முதல் பஸ் பிடித்து ராமேஸ்வரத்தில் இருக்கிற மாமனார் வீட்டுக்கு ஓடிவிட்டான். அங்கே அவனை யாரும் வெட்டவில்லை. ஆனால் திரும்பி வரும்போது கால் முழங்கால்வரை கறுத்திருந்தது, பக்கத்தில் போனவர்கள் மூக்கைப் பொத்தினார்கள், அந்த மாதமே செத்துப்போனான். அடி விழாத காயம் அழுகும் என்று ஊருக்குப் புரிந்தது. அழுகினால் ஒருத்தனோடு போகாது, அடுத்த வீட்டுக்கும் தாவும் என்று யாரோ சேர்த்துச் சொன்னார்கள். முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் வேலாண்டி பிடாரி கோயில் வாசலில் கூட்டம் போட்டுப் பேசினார்: குறி வந்தால் விளக்கு வைப்பதற்குள் அதை மூடியாக வேண்டும், அடிக்க ஆள் இல்லையென்றால் ஊரே ஆள் வைத்து மூடும், குறியில்லாத உடம்பை மட்டும் யாரும் தொடக் கூடாது, அது பாவம்.

மூடுவதற்கு ஆள் தேடியபோது எல்லோர் கண்ணும் கருமலை மேல் விழுந்தது. கருமலை கல் உடைக்கிறவன், பார்த்த இடத்தில் சம்மட்டி இறங்கும், மயிரிழை தப்பாது. கோழியைக் கூட விரட்டத் தெரியாத சாது. முதல் தடவை ஒரு கிழவனின் தோளை மூடிவிட்டு வந்து சோறு தின்னாமல் அழுதான். இரண்டாம் தடவையும் அழுதான். பிறகு அழுகை நின்றது. எத்தனை பெரிய குறியோ அத்தனை பெரிய அடி, கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று ஊர் அவனைப் புகழ்ந்தது. அவன் தெருவில் போனால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். அவனிடம் அடி வாங்கினவர்கள் எழுந்து, வாயில் வழிகிற ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, அவனைக் கும்பிட்டார்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் அவன் பெண்டாட்டி இருளாயி. பஸ் நிற்கிற முக்கில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்தாள், ஆட்டைத் தானே அறுத்துத் தானே உரித்துத் தானே தொங்கவிடுகிறவள், ஆண்பிள்ளைகளே அவளிடம் எலும்பு அதிகமாகப் போட்டுவிட்டாய் என்று சொல்லத் தயங்குவார்கள். குறி வந்தவர்கள் காலையில் அவள் கடைக்கு முன்னால் வந்துதான் நிற்பார்கள். கறி வாங்க ஒரு வரிசை, அடி வாங்க ஒரு வரிசை. கருமலை காலையில் எழுந்ததும் ஆசையோடு அந்த வரிசையைப் பார்க்கிறான் என்று அவளுக்கு ஒரு கட்டத்தில் தோன்ற ஆரம்பித்தது. வரிசை குட்டையாக இருந்தால் அவன் முகம் வாடியது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கும் குறிகள் வந்தன, முதுகில், தொடையில், ஒரு தடவை உதட்டில். வீட்டுக்குள்ளேயே காட்டினாள், வீட்டுக்குள்ளேயே வாங்கிக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் அவளால் விழுங்க முடியவில்லை. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவள் வயிற்றில் ஒன்று தங்கியது, வயிறு தெரிய ஆரம்பித்த நேரத்தில், ஒரு காலையில், தொப்புளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போய்க் குறி வந்தது. கருமலை மாட்டேன் என்றான். மத்தியானம்வரை மாட்டேன் என்றான். அழுகல் உள்ளே போய்ப் பிள்ளையைத் தின்றுவிடும் என்ற பயத்தில் அவள்தான் பாயை விரித்துப் படுத்து, சேலையை விலக்கி, "சும்மா பேருக்கு, மெதுவா மாமா" என்றாள். அவனுக்கு மெதுவாக அடிக்கத் தெரியாது, குறிக்குத் தக்கபடிதான் அவன் கை இறங்கும். அன்றே எல்லாம் முடிந்துபோனது. தங்காத பிள்ளை, தோலுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது என்று ஊர் ஆறுதல் சொன்னது. இருளாயியும் அதையே சொல்லிக்கொண்டாள். ஆடு அறுக்கும்போது சொல்லிக்கொண்டாள், குடல் கழுவும்போது சொல்லிக்கொண்டாள், சொல்லச் சொல்ல அது தேய்ந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் டாக்டர் தெபோரா காரில் வந்து இறங்கினாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பட்டணத்தில் மனசையும் உடம்பையும் ஆராய்ச்சி பண்ணுகிற டாக்டர். கேமராவும் ஒயர்களும் கொண்டுவந்தாள், கறிக்கடைக்குப் பின்னால் இருந்த அறையை வாடகைக்குப் பிடித்தாள், வந்த அன்றே இருளாயியோடு ஒட்டிக்கொண்டாள்.

"எங்க வேலை என்னன்னா, ஆளை உக்கார வச்சு கம்ப்யூட்டர்ல படம் காட்டுவோம்மா. பூ வரும், குழந்தை வரும், திடீர்னு ஒரு கோரமான விபத்து வரும். அடுத்தது என்ன வரும்னு யாருக்கும் தெரியாது. ஆனா கோரப் படம் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே சில பேருக்கு விரல்ல வேர்க்குது. வேர்க்குதுன்னு ஒரு கூட்டம் சொல்லுது. அதையே திரும்பச் செஞ்சு பாத்துட்டு, அப்படியெல்லாம் இல்ல, நீங்க வேண்டியதை மட்டும் பாக்குறீங்கன்னு இன்னொரு கூட்டம் சொல்லுது. வருஷக்கணக்கா இதே சண்டை."

"இதுக்கு அடிச்சுக்கிறாய்ங்களா?" என்றாள் இருளாயி ஈரலை நறுக்கியபடி.

"எழுத்துல அடிச்சுக்குவாங்க."

"நீங்க எந்தக் கூட்டம் டாக்டரம்மா?"

"எனக்கு என்ன ஏதுன்னு தெரியணும், அவ்வளவுதான்."

ஊர் அவளுக்குச் சந்தோஷமாக உடம்பைக் காட்டியது. விரலில் ஒயரை மாட்டிக்கொண்டு சிரித்துப் போஸ் கொடுத்தார்கள், பட்டணத்துக்காரர்கள் வேர்வையை வைத்துத் தடவிக்கொண்டிருந்ததை நாங்கள் ரத்தமும் சதையுமாக வைத்திருக்கிறோம் என்று வேலாண்டி பெருமையாக அவளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். ஆனால் தெபோரா எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கோயில் வாசலில் ஊரைக் கூட்டி ஒரு பேச்சுப் பேசினாள், அத்தோடு இளநீர் நின்றது.

"நீங்க எல்லாரும் குறியைப் பாத்துட்டுத்தான் அடிக்கிறீங்க. அப்ப குறி வரப்போற அடியைச் சொல்லுதா, இல்ல குறி இருக்கேன்னு நீங்க அடிக்கிறீங்களா? இதை எப்படிப் பிரிக்கிறது? ஒரு குறியை மூடாம விட்டுப் பாக்கணும். இல்லாட்டி, குறியே வராத ஆள் மேல என்னைக்காவது அடி விழுந்திருக்கான்னு பாக்கணும்."

"குறியில்லாதவனை எவன் அடிப்பான்?" என்றார் வேலாண்டி. "நாங்க என்ன மிருகமா?"

"மூடாம விட்டா சங்கையாவாட்டம் அழுகிச் சாகணும், அதைப் படம் புடிச்சுக்கிட்டுப் போகலாம்னு பாக்குறீகளா?" என்றான் வேலாண்டியின் மகன் அக்கினிராசு. வாட்டசாட்டமான ஆள், அப்பன் வாயைத் திறப்பதற்கு முன்னால் இவன் கையை ஓங்குவான்.

தெபோரா கூட்டத்தில் சங்கையாவின் பெண்டாட்டியைத் தேடிப்பிடித்து, "அவருக்குச் சர்க்கரை இருந்துச்சாம்மா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு. மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. ஊருக்குப் போன அவசரத்துல அதை விட்டுட்டுப் போயிட்டாரு. அதுக்கும் இதுக்கும் என்னம்மா?"

தெபோரா அதை எழுதிக்கொண்டாள். கூட்டம் கலைந்தது, டாக்டரம்மா பட்டணத்துக்கே கிளம்பலாம் என்று நாலு பேர் ஜாடையாகச் சொன்னார்கள். இருளாயி மட்டும் அந்த இடத்திலேயே நின்றாள். சர்க்கரை வந்தவன் காலில் புண் வந்தால் அழுகும் என்பது யாருக்குத்தான் தெரியாது? அவள் அப்பனே கட்டைவிரல் போய்ச் செத்தவன். ஊர் முழுக்கத் தெரிந்த விஷயத்தை ஊர் முழுக்கச் சேர்ந்து மறந்திருக்கிறது.

சில நாள் கழித்து, கடை வாசல் கம்பத்தில் மாட்டியிருந்த கண்ணாடியில் கருமலை சவரம் பண்ணிக்கொண்டிருந்தான். நுரையை வழித்ததும் கழுத்தில் குறி தெரிந்தது. சின்னதில்லை. இந்தக் காதுக்குக் கீழே தொடங்கி அந்தக் காதுவரை போயிருந்தது, உள்ளே மூச்சுக்குழல் வெள்ளையாகத் தெரிந்தது, அவன் எச்சில் விழுங்கும்போது அது ஏறி இறங்கியது. ஒரு சொட்டு ரத்தமில்லை.

இருளாயி பார்த்தாள். அவளுக்கு எது யார் வெட்டு என்று தெரியும். இடப்பக்கத்தில் ஆழமாக இறக்கி, கத்தியைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டே வந்து, முடிகிற இடத்தில் மேலே தூக்கி விடுகிற இழுப்பு. தினம் விடிந்ததும் அவள் ஆட்டுக்குப் போடுகிற இழுப்பு அது.

கருமலைக்கு ஒன்றும் ஆகவில்லை. மிச்சச் சவரத்தையும் முடித்தான், குளித்தான், வெள்ளை வேட்டி கட்டினான், கடைக்கு முன்னால் கறி வெட்டுகிற அடிக்கட்டையை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தான். "ஊருக்கெல்லாம் மூடினேன். எனக்கு வந்தா மட்டும் ஓடுவனா? நீதான் இருளு முடிக்கணும். எனக்கு மூட வேற கை கெடையாது, தாலி வாங்குனவ கைதான் முறை" என்றான். பேசும்போது கழுத்து இரண்டாகத் திறந்து மூடியது.

"போ மாமா, என்னால ஆகாது."

"ஆகும். பெரிய வெட்டு, ஆனா உன் கை சுத்தம். எனக்கு வலிக்காது."

அவள் உள்ளே போய் டாக்டர் தெபோராவின் கதவைத் தட்டினாள். தெபோரா வெளியே வந்து கருமலையின் கழுத்தைப் பார்த்துவிட்டு வெளிறிப்போனாள், ஆனால் கேமராவை எடுக்க மறக்கவில்லை.

"உங்களுக்கு என் புருஷன் பொழைக்கணுமா, இல்ல உங்க பரிச்சை தேறணுமா? நெசத்தைச் சொல்லுங்க."

தெபோரா கேமராவைக் கீழே இறக்கினாள். "ரெண்டும்தாம்மா" என்றாள். "பொய் சொல்ல வரலை."

அந்த நேரத்தில் அந்தப் பதில்தான் இருளாயிக்குப் பிடித்தது. ஊரில் இத்தனை காலமாக யாரும் அவளிடம் இவ்வளவு உண்மையாகப் பேசியதில்லை.

மத்தியானத்துக்கு மேல் ஊர் வந்தது, கொட்டு மேளத்தோடு, செவ்வந்தி மாலையோடு. அன்று காலையில் ஊரில் வேறு ஒருத்தருக்கும் குறி இல்லை, இருந்திருந்தால் கடைக்கு வந்திருப்பார்கள், அதனால் எல்லோரும் நல்ல உடம்போடு நல்ல மனசோடு வந்திருந்தார்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. வேலாண்டி மாலையைக் கருமலைக்குப் போட்டார், கழுத்தில் படாமல் பக்குவமாகப் போட்டார். பிறகு இருளாயியிடம் வந்தார்.

"ஆத்தா, உன் மனசு எங்களுக்குத் தெரியும். ஆனா இத்தனை பெரிய குறி மூடாமக் கெடந்தா ஊரே அழுகிப்போகும். பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிரு. உன்னை நாங்க கைவிட மாட்டோம்."

"சங்கையா சர்க்கரையில செத்தாரு, தலைவரே."

"என்னத்தா சொல்ற?"

"குறியில சாகல, சர்க்கரையில செத்தாரு. அவரு பொண்டாட்டி இந்தா நிக்குது, கேளுங்க. மூடாத குறி அழுகுமின்னு நமக்கு யாரு சொன்னா? அந்த ஒரு காலைப் பாத்துட்டு நம்மளாச் சொல்லிக்கிட்டோம்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. வேலாண்டி சிரிக்கப் பார்த்தார். "அப்படின்னா, இத்தனை வருஷமா ஊரு பட்ட அடியெல்லாம்..." என்று ஆரம்பித்தவர் அந்தக் கேள்வியை முடிக்கவில்லை. அவர் முகம் சட்டென்று கிழடு தட்டிப்போனது. முன் வரிசையில் நின்றவர்களில் ஒருத்தன் தன் கோணல் மூக்கைத் தொட்டுப் பார்த்தான், ஒருத்தி தன் மகனின் குருடான ஒரு கண்ணைப் பார்த்தாள். அந்தக் கேள்வி முடிந்துவிடக் கூடாது என்று அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பயந்தார்கள்.

"பேசிக்கிட்டே இருந்தா பொழுது விழுந்துரும்பா" என்றான் அக்கினிராசு. "அது செய்யாது. நான் செய்றேன்." கடைக்குள் ஏறி, தொங்குகிற கறியை விலக்கிக்கொண்டு, பலகை மேல் கிடந்த கத்திக்குக் கையை நீட்டினான்.

இருளாயியின் கை முந்தியது. கத்தி அவன் தோளில் இறங்கி எலும்பில் நின்றது. அவன் கத்தவில்லை, ஆச்சரியத்தோடு தன் தோளைப் பார்த்தான். சட்டை நனைந்து சிவந்து, முழங்கை வழியாக ரத்தம் கோடாக இறங்கி, அவள் கடைத் தரையில், ஆட்டு ரத்தம் கிடந்த இடத்திலேயே விழுந்தது.

ஊர் மூச்சை அடக்கியது. யாரும் வெட்டைப் பார்க்கவில்லை, எல்லோரும் அன்று காலையை நினைத்துப் பார்த்தார்கள். அன்று காலை பம்புசெட்டில் அக்கினிராசு வெற்று உடம்போடு குளித்ததைப் பாதி ஊர் பார்த்திருந்தது. அந்தத் தோள் அப்போது வழுவழு என்று இருந்தது. நகக்கீறல்கூட இல்லை.

"குறியில்லாம அடிச்சுட்டா" என்றான் ஒருத்தன் மெதுவாக.

"குறியில்லாம அடிக்கலாமா?" என்றான் இன்னொருத்தன். கேட்டவன் பூமிநாதன். கேட்டுவிட்டுத் திரும்பி, தன் நெற்றியைப் பிளந்த மச்சானை ஒரு நிமிஷம் பார்த்தான், பிறகு கையில் இருந்த மேளக் குச்சியால் அவன் வாயில் ஓங்கி அடித்தான். பல் தெறித்து விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நரியூரணிக்காரர்கள் இன்றைக்கும் கோர்வையாகச் சொல்வதில்லை. தோலிடம் அனுமதி கேட்டுக் கேட்டு அத்தனை வருஷம் கட்டிப்போட்டிருந்த கைகள் எல்லாம் அவிழ்ந்துகொண்டன. புருஷன் கன்னத்தைப் பெண்டாட்டி கிழித்தாள், பழைய மாணவன் வாத்தியாரை இழுத்துப்போட்டு விரல்களை மிதித்தான், அண்ணன் தம்பியைக் கிணற்றுச் சுவரில் மோதினான், மோதி மோதி எதற்காக மோதுகிறோம் என்பதே மறந்துபோய் மோதினான், மேளத்தைத் தூக்கி மேளக்காரன் தலையில் கவிழ்த்தார்கள், சைக்கிள் செயினும் செங்கல்லும் பாலிதீன் பையில் வைத்திருந்த தேங்காயும் எல்லாம் ஆயுதமாயிற்று, மாலைக்குக் கொண்டுவந்த செவ்வந்தி ரத்தத்தில் ஊறிக் கால்களில் ஒட்டியது. வேலாண்டி "குறியைப் பாருங்கடா, குறியைப் பாத்து அடிங்கடா" என்று நடுவில் நின்று கத்திக்கொண்டே இருந்தார், யாரோ ஒருத்தி அவர் வாயிலேயே குத்துகிறவரைக்கும். இருளாயி கத்தியோடு கடை வாசலில் நின்று, கருமலைப் பக்கம் வந்தவர்களை மட்டும் வெட்டினாள், கையில், காலில், கை போன இடத்தில். உண்மையைச் சொன்னால் அப்படி ஒன்றும் நிறையப் பேர் வரவில்லை. ஊருக்கு அவன் ஞாபகமே இல்லை. கழுத்தில் மாலையும் திறந்த வெட்டுமாக அவன் ஒருத்தன் மட்டும்தான் அந்தச் சண்டைக்கு நடுவில் ஒரு கீறல் படாமல் உட்கார்ந்திருந்தான்.

வெயில் சாய்வதற்குள் எல்லோரும் களைத்துப்போனார்கள். தெருவெல்லாம் முனகலாக இருந்தது. தெபோரா கேமராவை வைத்துவிட்டுத் தன் துப்பட்டாவைக் கிழித்து ஒவ்வொருத்தருக்காகக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள், அவள் புருவத்திலும் ஒரு கல் பட்டு ரத்தம் வழிந்தது. கருமலை எழுந்தான். விழுந்து கிடந்தவர்களுக்கு நடுவே நடந்தான். குனிந்து ஒவ்வொருத்தன் சட்டையையும் விலக்கி, "இது காலையில இருந்துச்சா?" என்று கேட்டான். இல்லை என்றார்கள். அடுத்தவனிடம் போய்க் கேட்டான். இல்லை. ஒரு கிழவியிடம் கேட்டான், அவள் காறித் துப்பினாள். கடைசியில் கடைக்குத் திரும்பி வந்து இருளாயிக்கு எதிரே நின்றான்.

"அக்கினிராசு தோள்ல காலையில ஒண்ணுமே இல்ல, இருளு."

"இல்ல."

"நீயாத்தான் வெட்டுன."

"ஆமா. நானாத்தான் வெட்டுனேன்."

"அப்ப நான் அடிச்சது..." அவன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தோலு சொல்லித்தான அடிச்சேன். நான் அடிக்காட்டியும் விழத்தான செஞ்சிருக்கும்? அப்படித்தான?"

அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். ஆமாம் மாமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டாக்டரம்மாவுக்கே இன்னும் நிச்சயமில்லை என்று சொல்லலாம், ஒரு நாள் சண்டையில் எதுவும் நிரூபணமாகிவிடாது என்று சொல்லலாம், அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. அவன்மேல் அவளுக்கு அத்தனை இரக்கம் வந்தது. ஆனாலும் அவள் சொல்லவில்லை.

"நம்ம பிள்ளை?" என்றான் அவன்.

"நீதான் அடிச்ச மாமா. நான் படுத்துக் காட்டுனேன். தோலு ஒண்ணும் பண்ணல."

கருமலை குனிந்து, சண்டை ஓய்ந்ததும் அவள் காலடியில் போட்டிருந்த கத்தியை எடுத்தான். அவசரமில்லாமல் எடுத்தான். இடது காதுக்குக் கீழே, குறி தொடங்குகிற இடத்தில், கத்தி வாயை வைத்தான். அது அங்கே அப்படியே பொருந்தியது. அவன் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை இருளாயி பார்த்தாள். அடி வாங்கிவிட்டு எழுந்து அவனைக் கும்பிட்டவர்களின் முகத்தில் இருந்த அதே நிம்மதி. தெருவில் விழுந்து கிடந்தவர்கள் முனகலை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார்கள். இவன் கழுத்து அறுந்தால் தோல் சொன்னது சொன்னதுதான் என்று ஆகிவிடும், அவர்கள் எல்லோரும் தப்பித்துவிடுவார்கள். தெபோராகூட, பாதிக் கட்டைக் கையில் பிடித்தபடி, கத்துவதற்கு வாயைத் திறந்து, ஒரு மூச்சு நேரம் கத்தாமல் இருந்தாள். அந்த ஒரு மூச்சை இருளாயி பார்த்துவிட்டாள்.

தராசுக்குப் பக்கத்தில் இருந்த ஐந்து கிலோ படிக்கல் அவள் கைக்கு அகப்பட்டது. தூக்கி, கத்தி பிடித்திருந்த மணிக்கட்டின் மேல் பலம் கொண்டமட்டும் இறக்கினாள். எலும்பு நொறுங்கிய சத்தம் கோயில்வரை கேட்டிருக்கும். கத்தி தூரப் போய் விழுந்தது. கருமலை அலறினான், ஊரையே அடித்தவன் முதன்முதலாக அடிபட்டு அலறினான், அலறிக்கொண்டே மண்ணில் உட்கார்ந்தான். ஊர் இரண்டாம் தடவையாக மூச்சை அடக்கியது. மாலை போட்டபோது அந்தக் கையை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அதில் ஒன்றும் இருந்ததில்லை.

"செத்து அதை நெசமாக்கிட்டுப் போகப் பாக்குறியா?" என்றாள் இருளாயி. அவளுக்கு மூச்சு வாங்கியது, கண்ணீர் மூக்கில் வழிந்தது, துடைக்கவில்லை. "நீ செத்துட்டா என் பிள்ளை விதியில போனதாயிரும். நான் விட மாட்டேன். நீ இருக்கணும்."

"வலிக்குது இருளு."

"வலிக்கட்டும்."

அவன் நொறுங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். "நாளைக்குக் காலையில நான் எந்திரிச்சு என்ன பண்ணுவேன்? யாரு மூஞ்சியில முழிப்பேன்?"

"யார் யாரை அடிச்சியோ அவுக மூஞ்சியில ஒவ்வொண்ணா முழிப்ப. மொதல்ல என்னைப் பாரு."

அவன் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே இருந்தான், தெபோரா வந்து கைக்குக் குச்சி வைத்துக் கட்டும்போதும் குனிந்தே இருந்தான். விளக்கு வைக்கிற நேரம் வந்து போனது, ஊரில் யாரும் விளக்கு வைக்கவில்லை. இருளாயி அவன் முன்னால் நின்றபடியே நின்றாள், உட்காரவில்லை, இன்னொரு தடவை கூப்பிடவும் இல்லை. வெகுநேரம் கழித்து அவன் தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தான். நிமிர்த்தியபோது கழுத்தில் இருந்த குறி அகலமாகத் திறந்தது, அதிலிருந்து ஒரு சொட்டு ரத்தமும் வரவில்லை.